கீழே யாரும் இல்லையே?

அவர் ஒருமுறை இரண்டு அட்டை மாத்திரைக்குப் பின்னால் பஸ் ஏறிப் போனார்.

ஆரணி பஜாரில் அவருடைய மருந்துக்கடைக்கு நேர் எதிரே என் ரேடியோ ரிப்பேர் கடை. எண்பதுகளின் தொடக்கம். அன்று காலை சந்தவாசலிலிருந்து வந்த ஓர் அம்மாள் டாக்டர் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கிப் போனாள். அரைமணி நேரம் கழித்து இவர் கடையை விட்டு இறங்கித் தெருவில் நின்றார். வலது கையைத் தூக்கி விரல்களைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் வெளுத்தது.

"தம்பி, கடையக் கொஞ்சம் பாத்துக்குங்க. அந்தம்மாவுக்கு எந்த டப்பாவுல கைய விட்டேன்னு ஞாபகம் வரல."

"மூணு வாட்டி சீட்டப் படிச்சீங்களே, நானே பாத்தேன்."

"படிச்சேன். அதத்தான் எடுத்தேனா?"

செருப்புகூடப் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். மூன்று மணிக்குத் திரும்பினார். சந்தவாசலில் இறங்கி வீடு வீடாக விசாரித்து அந்த அம்மாளைக் கண்டுபிடித்து, அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்திருக்கிறார். சரியான மாத்திரைதான்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "தப்பா இருந்திருந்தா?" என்றார்.

இதுதான் அவர். தன் கையால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். தனக்கு ஏதாவது ஆகும் என்று அவர் பயந்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் கடைக்குள் பாம்பு வந்துவிட்டது. தெருவே கத்தியது. இவர் மட்டும் மூலையில் கைகட்டி நின்றுகொண்டு, "அதுவே பயந்துகினு கீது, வழிய விடுங்க" என்றார்.

பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து கடை வைத்த சமணக் குடும்பம். எங்கள் பக்கத்தில் அவர்களை நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊருக்கும் அவர் நயினார், எனக்கும் நயினார். நாற்பது வயது இருக்கும். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார். விளக்கு வெளிச்சத்தில் சோற்றில் எந்தப் பூச்சி விழுந்தது என்று தெரியாதாம்.

இப்படிப்பட்டவர் ஆகாயத்தில் விமானம் விட்டார் என்றால் யார் நம்புவார்கள்? நான் கூட இருந்தேன்.

வெளிநாட்டில் இருந்த அவருடைய சித்தப்பா மகன் ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். இரண்டு குச்சிகளும் நீளமான ஏரியலும் உள்ள ரேடியோ கருவி, கொய்யாக்காய் அளவுக்கு ஓர் இன்ஜின், தக்கை போல எடையே இல்லாத மரப்பலகைகள், சில பத்திரிகைகள். கருவி வரும் வழியில் அடிபட்டு வேலை செய்யவில்லை. அதைத்தான் என்னிடம் கொண்டுவந்தார். விட்டுப்போன இடத்தில் ஈயம் வைத்து ஒட்டிக் கொடுத்தேன். விமானத்துக்குள் வைக்கும் சின்ன பேட்டரியைச் சார்ஜ் செய்ய என் கடையில்தான் வசதி இருந்தது. அப்படித்தான் நான் அதில் மாட்டினேன்.

"நயினாரே, ஒங்களுக்கு ஏன் இது?" என்று கேட்டேன்.

கையால் வானத்தைக் காட்டி, "மேல யாரும் இல்லீங்களே" என்றார். "கடைத்தெருவுல சைக்கிள் விட்டாக்கூட யார் மேலயாவது மோதிடுவோமோன்னு கீது. அங்க எவ்ளோ எடம் பாருங்க."

கோடையில் வற்றிப்போன ஓர் ஏரியின் உள்ளே போவோம். ஊருக்கு வெளியே, தரை வெடித்துக் கல் மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் போனால் நாலரை ஆகும் முதல் ஓட்டத்துக்கு. அவர் முதலில் ஏரியை ஒரு சுற்று நடப்பார். ஆடு மேய்ப்பவர்கள் இருந்தால் போய்க் கும்பிட்டு, "கொஞ்சம் அந்தாண்ட போறீங்களா" என்பார். கொக்கு உட்கார்ந்திருந்தால் அது எழுந்து போகும்வரை காத்திருப்பார். ரேடியோ கருவி வைத்துக்கொள்ள சர்க்கார் கொடுத்த லைசென்ஸைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பைக்குள் வைத்திருப்பார். அதையும் ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொள்வார். பிறகு நான் விமானத்தைப் பிடித்துக்கொண்டு ஐம்பது அடி, நூறு அடி தள்ளிப் போக வேண்டும். அவர் குச்சியை ஆட்டுவார். இறக்கையின் பின்னோரத்தில் திரும்பும் பலகை ஆடினால் நான் கை காட்ட வேண்டும். இதையே இருபது நிமிஷம் செய்வார். கடைசியாக என்னைப் பார்த்துக் கத்துவார்:

"சார்ஜ் ஃபுல்லுங்களா தம்பி?"

"ஃபுல்லு."

"ஃபுல்லுதான?"

"ஃபுல்லுங்க நயினாரே."

மூன்றாவது முறையும் கேட்டபின்தான் இன்ஜினில் கை வைப்பார். எரிசாராயமும் விளக்கெண்ணெயும் கலந்த எண்ணெய் அதற்கு. விளக்கெண்ணெய் கருகும் வாசனையும், காதைக் கிழிக்கும் சத்தமும், கண்ணுக்குத் தெரியாமல் சுற்றும் காற்றாடியும். அந்தக் காற்றாடி விரலைச் சீவிவிடும் என்று எனக்கு நடுக்கம். விமானத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடி எறிவது என் வேலை. காது பக்கத்தில் அது கத்தும்போது ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் எறிவேன்.

நேராகப் பறக்கவும் திரும்பவும் இறக்கவும் ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு நாள் சூறைக்காற்று ஒன்று வந்து விமானத்தைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் குச்சியை இழுத்தார். விமானம் அப்படியே தரையில் குத்தியது.

நான் விமானத்தைப் பார்க்க ஓடினேன். அவர் எனக்கு முன்னால் ஓடிப்போய் உடைந்த பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, அதற்கு அடியில் தரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு ஓணான்கூட இல்ல தம்பி" என்றார்.

அன்று இரவெல்லாம் அவர் தூங்கவில்லை என்று மறுநாள் அவர் மனைவி சொன்னார். நயினார் காலையிலேயே பத்திரிகையோடு என் கடைக்கு வந்துவிட்டார்.

"தம்பி, ரோல் கத்துக்கணும்."

ரோல் என்றால், பாயில் படுத்திருப்பவன் ஒரு முழுப் புரளல் புரள்வது போல, விமானம் போகிற போக்கிலேயே தன்னைச் சுற்றிப் புரண்டு நிமிர்வது. சாகசம் காட்டுகிறவர்கள் செய்வது.

"இவ்ளோ பயந்துகினு அது எதுக்குங்க?"

"பயத்துக்குத்தான். அது தானா தலைகீழாச்சுன்னா எப்படி நிமித்தறதுன்னு எனக்குத் தெரியல. தெரியாம விடறது தப்புல்ல? நானே தலைகீழாக்கிப் பாத்தாத்தான தெரியும்."

அதில் ஒரு கண்டம் உண்டு. விமானம் தலைகீழாக இருக்கும் அந்த ஒரு நொடியில் எல்லாமே மாறிப்போகும். மேலே ஏற்றுவதற்காகக் குச்சியை இழுத்தால் அது கீழே பாயும். தள்ளினால்தான் மேலே நிற்கும். பயம் வந்தால் மனுஷன் கை தானாக இழுக்கும். இழுத்தால் முடிந்தது.

பிஸ்கட் டப்பாவில் இரண்டு குச்சிகளைச் செருகி வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்தே பழகினார். கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுப்பார்: "மூக்கத் தூக்கு. எடப்பக்கம் சாய். தலைகீழ். தள்ளு. சாச்சிகினே இரு. நேர். விடு." சீட்டோடு வந்து நிற்கும் ஆட்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். "கோயிலுக்குப் போற எடத்துல ஏதாவது காத்து கறுப்பு பட்டுச்சா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

உடைந்த இறக்கையைப் புதிதாகச் செய்தபோது அதன்மேல் துணி ஒட்ட வேண்டியிருந்தது. பட்டுதான் அதற்கு ரொம்ப நல்லது, எடை இல்லை, கிழியாது என்று அந்தப் பத்திரிகையிலேயே போட்டிருந்தது. எங்கள் வீட்டில் தறி. அம்மாவிடம் கேட்டு ஒன்றரை முழம் வெள்ளைப் பட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பெருமையாகக் கொடுத்தேன். அவர் அதை விரல் நுனியால் தொட்டார்.

"எத்தினி பூச்சிங்க தம்பி இதுல?"

எனக்குச் சுருக்கென்றது. கூட்டுப்புழுவை வெந்நீரில் போட்டுத்தான் இழை எடுக்கிறார்கள் என்பது தெரியாதவனில்லை. ஆனால் அந்த இழையில்தான் நான் சோறு தின்று வளர்ந்தேன். துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார். தறியில் இருந்த அம்மாவிடம், "ஒங்க தொழில தப்பா பேசிட்டேங்க, மனசுல வெச்சிக்காதீங்க" என்றார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் போனதும், "யாருடா இவரு? பட்டு வேணாம்னதுக்கு மன்னிப்பு கேக்க வந்துகீறாரு. பாவம், ஒடம்பு சரியில்லியா?" என்றாள்.

கடைசியில் நைலான் புடவை ஒன்றைக் கிழித்து ஒட்டினார்.

ரோல் பழகும்போது இரண்டு முறை விழுந்தது. இரண்டு முறையும் தலைகீழான நொடியில் கை இழுத்துவிட்டது. மூன்றாவது தடவை ஒட்டி எடுத்துப் போன அன்று, இறுதியில் அது நடந்தது. விமானம் உயரத்தில் எங்கள் முன்னால் குறுக்கே வந்தது. அவர், "கீழ யாரும் இல்லியே தம்பி?" என்றார். "இல்லீங்க." "பாத்துதான் சொல்றீங்களா?" "பாத்துட்டேன்." மூக்கு தூக்கியது. சாய்ந்தது. வயிறு மேலே தெரிந்தது. அவர் வாய்விட்டு, "தள்ளு" என்று தனக்கே கத்தினார். தள்ளினார். விமானம் ஒரு பனைமர உயரம் இறங்கி, புரண்டு, நிமிர்ந்து, ஒன்றும் நடக்காதது போலப் போய்க்கொண்டே இருந்தது.

நான் குதித்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. தப்பித்து வந்தவன் முகம் அது.

அதற்கு அடுத்த இரண்டு ஞாயிறும் பறக்கவில்லை. ஒரு வாரம் காற்று அதிகம் என்று திரும்பிவிட்டார். அடுத்த வாரம் கரை மேல் யாரோ ஒரு ஆள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பினால் பயந்துவிடுவான் என்று அவன் எழும்வரை காத்திருந்து, பொழுது போய்விட்டது. இரண்டு நாளும் கடையை மூடிவிட்டு வந்தவன் நான். எரிச்சல் மண்டையில் ஏறியிருந்தது.

மூன்றாம் ஞாயிறுக்கு முந்தைய ராத்திரி கரன்ட் போய்விட்டது. பதினாலு மணி நேரம் ஏற வேண்டிய பேட்டரி ஐந்து மணி நேரம்தான் ஏறியிருந்தது. சொன்னால் அன்றைக்கும் திரும்பிவிடுவார். ஐந்து மணி நேரமே போதும், இரண்டு ஓட்டம் தாங்கும் என்று எனக்கு நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

"சார்ஜ் ஃபுல்லுங்களா தம்பி?"

"ஃபுல்லு."

மூன்று முறையும் சொன்னேன். மூன்றாம் முறை கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். அவர், "கோச்சிக்காதீங்க" என்றார்.

வழக்கம்போலத் தரையிலேயே இருபது நிமிஷம் ஆட்டிப் பார்த்தார். அதிலேயே பாதி பேட்டரி போயிருக்கும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஏற்றினோம். முதல் ரோல் அழகாக வந்தது. இரண்டாவதும். மூன்றாவதில் விமானம் தலைகீழாகிப் புரண்டு நிமிர்ந்தது. நிமிர்ந்த பிறகு திரும்பவில்லை.

"தம்பி, கேக்கல" என்றார்.

"இன்னா?"

"நான் சொல்றத அது கேக்கல!"

குச்சியை வலப்பக்கம் ஒடிகிற மாதிரி தள்ளினார். இழுத்தார். விமானம் தன் பாட்டுக்குக் கிழக்கே போனது. பனைமர வரிசைக்கு மேல் போனது. சின்னதாகி மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. சத்தம் மட்டும் கொசு பறப்பது போலக் கொஞ்ச நேரம் கேட்டது. அதுவும் நின்றது.

பனைமரங்களுக்கு அந்தப் பக்கம் முள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவாளர் தெருக்கள். வீட்டுக்கு வீடு தறி. வாசலெல்லாம் பெண்களும் குழந்தைகளும்.

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. ரேடியோ கருவியைக் கழுத்திலிருந்து கழற்றாமலே சைக்கிளில் ஏறிவிட்டார். நீட்டிய ஏரியல் முன்னால் ஆடியது. நான் பின்னால் மிதித்தேன். வழியெல்லாம் எனக்குள் ஒரே எண்ணம்: இரண்டு கிலோ எடை, முன்னால் இரும்புக் காற்றாடி போலச் சுற்றும் கட்டை, மேலே இருந்து வருகிற வேகம். ஒரு பிள்ளை தலை தாங்குமா?

ஊரை நெருங்கும்போது அவர் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினார்.

"தம்பி, தறிச் சத்தம் கேக்குதா?"

நான் காதைத் தீட்டிக் கேட்டேன். நெசவாளர் ஊரில் ஞாயிறு என்றெல்லாம் கிடையாது. ஒரு கல் தூரத்திலேயே சடக் சடக்கென்று கேட்கும். ஒரு சத்தமும் இல்லை. ஊரே வாயைப் பொத்திக்கொண்டது போல இருந்தது.

அப்புறம் கேட்டது, பெண்கள் ஓலமிடும் சத்தம்.

திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். யாருக்குத் தெரியும் அது நம்முடையது என்று? அவர் அதற்குள் சைக்கிளைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

ஒரு வீட்டு வாசலில் கூட்டம். பெண்கள் தலைவிரித்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். உள்ளே கிடத்தியிருந்தது தெரிந்தது, கால் மட்டும். இவர் கூட்டத்துக்கு நடுவில் போய் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கழுத்துக் கருவி தரையில் இடித்து ஏரியல் வளைந்தது.

"நான்தாங்க. என் கையாலதாங்க ஆச்சு. போலீஸக் கூப்புடுங்க" என்றார்.

அழுகை சட்டென்று நின்றது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் எழுந்து வந்தார்.

"யாருய்யா நீ? இன்னா ஒன் கையால?"

"என் ஏரோப்ளேன் வந்து…"

"ஏரோப்ளேனா? எங்க சித்தப்பன் மவன் தறியில ஒக்காந்துகினு இருந்தவன் அப்படியே சாஞ்சிட்டான்யா. மாரடைப்பாம். மத்தியானம் ஒரு மணிக்கு."

நாங்கள் விமானத்தை ஏற்றியது ஐந்து மணிக்கு.

"ஒரு மணிக்குங்களா?" என்று நான்தான் கேட்டேன்.

"ஒரு மணிக்குய்யா."

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஒருவன் அந்தக் கழுத்துக் கருவியைப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா அது, பாம்ப் கீம்பா?" என்று பின்வாங்கினான். நான் இவரைக் கையைப் பிடித்துத் தூக்கினேன். உள்ளே இருந்து செத்தவரின் மனைவி நிலைப்படிக்கு வந்து, அழுத முகத்தோடு இவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு யாரிடமோ, "அவருக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள்.

தெரு முனைக்கு வந்ததும், "வாங்க நயினாரே, கண்டம் போச்சு, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

"அப்ப அது எங்க விழுந்துச்சு?" என்றார்.

அன்று இருட்டும்வரை தேடினோம். சாப்பிடாமலே படுத்தார். மறுநாள் கடை திறக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிழக்கே இருக்கும் ஒவ்வொரு ஊராகப் போனார். அரிசி மில் ஆட்களைக் கேட்கக் களம்பூர்வரை போனார். விமானத்தைப் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. "யாருக்காவது அடிபட்டுச்சுங்களா?" என்றுதான் கேட்டிருக்கிறார். பெரியாஸ்பத்திரிக்குத் தினம் போய் யாராவது தலையில் அடிபட்டு வந்திருக்கிறார்களா என்று விசாரித்தார். ரேடியோவில் வேறு ஏதோ ஸ்டேஷன் குறுக்கே வந்திருக்கும், இல்லை தன் கட்டைவிரல்தான் தப்பு செய்திருக்கும் என்று அவருக்கு நினைப்பு.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்க்கடையின் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு எட்டு நாள் உட்கார்ந்திருந்தேன். தெருவில் யாராவது போலீஸ்காரர் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

எட்டாம் நாள் அவர் மனைவி கடைக்கு வந்தார். "நீங்க சொன்னா கேப்பாரு. கண்ண மூடினா ஒரு கொழந்த தெரியுதுன்றாரு. தெனம் அதே கொழந்த. எனக்கே பயமா கீது தம்பி" என்றார்.

அவர் கூடவே போனேன். நயினார் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் எட்டு நாள் தாடி.

"பேட்டரி ஃபுல்லு இல்லீங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ராத்திரி கரன்ட் போயிடுச்சு. அஞ்சு மணி நேரம்தான் ஏறிச்சு. சொன்னா திரும்பிடுவீங்கன்னு சொல்லல. என் தப்புதான்."

அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவருடைய கட்டைவிரல் மெதுவாக அசைய ஆரம்பித்தது, கையில் கருவி இருப்பது போல.

"அப்ப ரேடியோ கெடல. பேட்டரி தீந்துபோய் எல்லாம் அப்படியே நின்னுருக்குது."

"ஆமாங்க."

"கடைசியா நான் எங்க வெச்சிருந்தேன்? சாச்சிகினே இரு… நேர்… விடு…" கண்ணை மூடினார். "முழுசா விடல தம்பி. கொஞ்சம் எடப்பக்கம் இருந்துச்சு. அப்ப அது நேரா போயிருக்காது. எடப்பக்கமா பெரிசா வளைஞ்சிருக்கும். கிழக்குல இல்ல. வடக்குல கீது!"

அந்த நேரத்திலேயே கிளம்பினோம். ஏரிக்கு வடக்கே மல்லாட்டைக் கொல்லைகள், அதாவது வேர்க்கடலை நிலங்கள். மூன்றாவது கொல்லையில் நாலைந்து பெண்கள் மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இவர் போய், "யாருக்காவது அடிபட்டுச்சாம்மா?" என்றார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வயதான ஒருத்தி எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "போலீஸுங்களா?" என்றாள்.

"இல்லம்மா. மருந்துக்கட வெச்சிருக்கேன்."

அவள் ஓரமாகக் குவித்திருந்த காய்ந்த கொடியை விலக்கினாள். உள்ளே விமானம் கிடந்தது. மூக்கு நசுங்கி, ஒரு இறக்கை இரண்டாகி. "இங்க வந்து குத்திகினு இருந்துச்சு. எங்க மேல கேஸு கீஸு வரப் போவுதுன்னு மூடி வெச்சோம்" என்றாள்.

"எங்க குத்தியிருந்துச்சு?"

அவள் கை காட்டினாள். வரப்பு ஓரத்தில் ஒரு புளியமரம். தாழ்ந்த கிளையில் புடவைத் தூளி. அதில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தூளிக்கு நேர் கீழே மண்ணில் ஒரு குழி.

அவர் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் கேட்டேன்: "அன்னிக்குக் கொழந்த?"

"அன்னிக்கு இல்லீங்க. காலைல வந்து தூளி கட்டிட்டோம். மத்தியானமே கொல்லக்காரரு செத்துட்டாருன்னு சேதி வந்துச்சு. முள்ளிப்பட்டுப் பக்கம் அவருக்குத் தறியும் உண்டு, இந்தக் கொல்லையும் அவருதுதான். போட்டது போட்டபடி தூளிய அவுத்துகினு ஓடினோம். ரெண்டு நாள் கழிச்சு வந்து பாத்தா இது கெடக்குது."

அவர் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். குழந்தை முழித்து அழுதது. ஒருத்தி வந்து அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அது இவரைப் பார்த்து அழுகையை நிறுத்தியது. இவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

விமானத்தை அவர் மறுபடி ஒட்டினார், பறக்கவும் விட்டார், ஆனால் அது அடுத்த கோடையில். சார்ஜரை மட்டும் என் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்கு எப்படி இருந்தது என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

அதற்கெல்லாம் முன்னால், அந்த நெசவாளரின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போக வேண்டும் என்றார். "நமக்கும் அவங்களுக்கும் இன்னா?" என்றேன். "போவணும்" என்றார். போனோம். பந்தலில் ஓரமாக உட்கார்ந்தார். செத்தவரின் மனைவி இவரை அடையாளம் கண்டுகொண்டு வந்தாள். "அன்னிக்கு விழுந்து அழுதீங்களே… அவருக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டாள். இவர் எழுந்து கைகூப்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இல்லீங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அவள், "சாப்ட்டுட்டுப் போங்க" என்றாள்.

திரும்பும்போது ஊரைத் தாண்டியதும் சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டார். தள்ளிக்கொண்டு நடந்தார். நானும் இறங்கினேன்.

"அந்தம்மா கிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் போனேன். எப்படிச் சொல்றது?"

"இன்னாது?"

"அந்தக் கொல்லையில, தூளியப் பாத்தனே, அப்ப எனக்கு மனசுல இன்னா வந்துச்சு தெரியுமா? நல்ல வேள அவரு செத்தாருன்னு வந்துச்சு. இப்பவும் வந்துகினு கீது. அந்தம்மா எதிர்ல நின்னப்பவும் வந்துச்சு." அவர் தரையைப் பார்த்தே நடந்தார். "ஒரு மனுஷன் செத்ததுக்கு சந்தோஷப்படறேன் தம்பி. விமானம் விழுந்தது போனாப் போவுது. எனக்கு இதுதான் பயமா கீது."

எனக்கு அது அவருக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. சாவு வீட்டு வாசலில், அந்தக் கிழவர் ஒரு மணிக்கு என்று சொன்ன அந்த நொடியிலேயே. எங்களால் இல்லை என்று தெரிந்ததும் அந்த அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதில் பயப்பட ஏதாவது இருக்கிறது என்று நான் அன்றுவரை நினைத்ததே இல்லை. இப்போது அவர் பக்கத்தில் நடக்கும்போது எனக்கும் பயம் வந்தது.

"எனக்கும் வந்துச்சுங்க" என்றேன். "அன்னிக்கே."

அவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வாரமாக யாரும் எட்டிப் பார்க்காத அறைக்குள் யாரோ வந்தது போன்ற முகம். கையை நீட்டி என் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். ஆரணி வந்து சேரும்வரை நாங்கள் சைக்கிளில் ஏறவில்லை.